வலித்தால் கொடுங்கள்

மறதிநோய் வந்த பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் சோறூட்டுவதையும் தலைவாரிவிடுவதையும் படம்பிடித்துப் போடும் காணொளிகள் இப்போது பெருகிவிட்டன. கீழே குவியும் பாராட்டுகளுக்கெல்லாம் ஒரே பல்லவிதான்: வீட்டுக் கவனிப்புக்கு ஈடில்லை, அன்பு இருந்தால் போதும். சாதாரண நாட்களில் இதை மறுக்க எனக்குத் தோன்றாது. அந்தப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகும் இதையே சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

வீட்டின் நன்மைகள் உண்மையானவை. அறுவை சிகிச்சைக்குப் பின் வயதானவர்களைப் பிடிக்கும் திடீர்க் குழப்பத்தைத் தெரிந்த முகமும் பழகிய கட்டிலும் தணிக்கும். அமெரிக்காவில் மருத்துவர் ஷரோன் இனோயி குழுவினர், பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்த முதியவர்களின் மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, தண்ணீர், நடமாட்டம், தூக்கம், பேச்சுத்துணை ஆகியவற்றைக் கவனித்தே, நூற்றுக்கு 15 பேருக்கு வந்த குழப்பத்தை ஏறக்குறைய 10 பேராகக் குறைத்ததாக 1999-இல் வெளியிட்டார்கள். இவற்றில் பெரும்பாலானவை நல்ல குடும்பத்துக்குச் சொல்லித்தராமலே வரும்.

சொல்லித்தராமல் வராதது வலியை அடையாளம் காண்பது. பாராட்டு மழையில் இது யாருக்கும் நினைவில்லை.

மருத்துவமனையிலிருந்து வரும் சீட்டில் சத்து மாத்திரைக்கு நேரம் போட்டிருக்கும். வலி மாத்திரைக்கு எதிரே மட்டும் 'எஸ்.ஓ.எஸ்.' என்றிருக்கும். வலித்தால் கொடுங்கள் என்று அர்த்தம். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு அது சரி. விழுந்ததே நினைவில்லாத, காலில் தகடு வைத்ததே தெரியாத ஒருவர் யாரிடம் போய் மாத்திரை கேட்பார்? என் அம்மாச்சி அப்படித்தான் வீடு வந்தார். “வலிக்குதா அம்மாச்சி?” என்றால், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பார். நடக்கவைக்கப் பிசியோதெரபி தம்பி வந்து காலைத் தொட்டதும் மெத்தை விளிம்பை இறுக்கிப் பிடிப்பார், நெற்றி சுருங்கும், மூச்சு திணறும், பிறகு “கொல்ல வர்றான், கொல்ல வர்றான்” என்று தெருவே கேட்கக் கத்துவார். அடம் என்றது வீடு. நோய் முற்றிவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தது.

இது எங்கள் வீட்டு விசித்திரம் அல்ல. நியூயார்க்கில் மருத்துவர்கள் ஷான் மாரிசனும் ஆல்பர்ட் சியுவும் இடுப்பு முறிந்த முதியவர்களை ஆராய்ந்து 2000-இல் எழுதினார்கள்: நினைவு தெளிவாக இருந்தவர்களுக்குக் கிடைத்த வலி மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் முற்றிய மறதிநோயாளிகளுக்குக் கிடைத்திருந்தது. முறிவு ஒன்றுதான், கேட்கும் வாய்தான் இல்லை. 2011-இல் வெளியான நார்வே ஆய்வு இன்னும் கூர்மையானது. 18 முதியோர் இல்லங்களில் ஆவேசத்தோடு இருந்த 352 மறதிநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் முறைப்படி வலி மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாராசிட்டமால்தான். அவர்களுடைய ஆவேசம் கணிசமாகத் தணிந்தது.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. கத்துகிறார் என்றதும் “தூங்கறதுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்கிறோம், அவரும் எழுதுகிறார், சில நேரம் மனநோய் மருந்தைக்கூட. மறதிநோய் முதியவர்களுக்கு மனநோய் மருந்து கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. அந்த மருந்தின் மயக்கத்தில் பாட்டி படுத்தே கிடப்பார். படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலின் வலு போகும். இடுப்பு முறிந்தவரை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நிற்கவையுங்கள் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. நாமோ “பாவம், தூங்கட்டும்” என்கிறோம். இந்தப் பாவம் பார்ப்பதுதான் அவர்களை மறுபடி நடக்கவிடாமல் செய்கிறது. அன்பு மிகுந்த வீடுகளில்தான் இது அதிகம் என்பேன். அழவைக்கக் கூடாதென்று நடக்கவைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லாக் கத்தலும் வலியால் வருவதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்கூட அப்படிக் கத்தவைக்கும். சிறுநீரகம் பழுதானவருக்குச் சில வலி மாத்திரைகள் ஆபத்து, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூச்சு, முனகல், முகம், உடலின் இறுக்கம், ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் முறை 2003-லேயே வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, கூட்டினால் 10. பத்தாம் வகுப்புப் பேத்தியால் ஐந்து நிமிடத்தில் முடியும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்டணச் சீட்டை வரிவரியாக விளக்குபவர்கள் இதை ஏன் சொல்லித்தருவதில்லை? வாய்விட்டுக் கேட்க முடியாதவருக்கு 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதுவது மருந்தை மறுப்பதற்குச் சமம். காலை, மதியம், இரவு என்று மணி போட்டு எழுத என்ன தடை?

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர் இன்று எத்தனை அடி நடந்தார் என்று கேட்பதற்கு முன்னால், வலி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கட்டும். கொடுக்கவில்லை என்றால் காலைத் தொடாமல் காத்திருக்கட்டும்.