சாமிமாரின் பெயரைக் கேட்பது எப்படி?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலடியில் இரண்டு விதமான சாமிப் பெயர்களைக் கேட்கலாம். ஒன்று, 1966இல் அங்கே தோன்றிய சைவ மடமான நல்லை ஆதீனத்தின் முதல் குருமகாசந்நிதானத்தின் பெயர்: ஸ்ரீலஸ்ரீ சுவாமிநாத தேசிக ஞானசம்பந்த பரமாசாரிய சுவாமிகள். மற்றது சனம் வைத்த பெயர்: கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி.

நீண்ட பெயரைக் கண்டு மலைக்காதீர்கள். பிரித்துக் கேளுங்கள். 'சுவாமிநாத' மட்டுமே அவருக்கு உரியது. 'தேசிக', 'பரமாசாரிய' இரண்டும் குருவின் பணியைச் சொல்பவை. 'ஞானசம்பந்த' என்பது ஆதீனத்தின் பெயர். மூன்றும் அடுத்து அமர்பவருக்குப் போய்விடும். தர்மம் என்று நான் விளங்கிக்கொள்வது இதைத்தான்: பெயரோடு சேர்த்துக் கையில் தரப்படும் கடமை.

ஆகமத் தீட்சையில் பெயரைத் தெரிவு செய்யும் உரிமைகூடச் சீடனுக்கு இல்லை. கண்ணைக் கட்டி மண்டலத்தில் பூவை எறியச் சொல்வார்கள். சிவனின் ஐந்து முகங்களில் எதன் பக்கம் பூ விழுகிறதோ, அதுவே பெயர். ஈசானசிவர், அகோரசிவர் என்ற பெயர்களை இந்த முறையை நினைத்துக் கேட்டால் அவற்றின் அழகே வேறு.

இனிச் சனம் வைத்த பெயர்களுக்கு வருவோம். எனக்கு நெருக்கமானவை இவைதான். பெரியகடைப் பக்கம் திரிந்தவர் கடையிற் சுவாமி. அவருடைய சீடர் செல்லப்பாவை ஊர் விசரன் என்றது. செல்லப்பா நல்லூர்த் தேரடியை விட்டு அசையவில்லை. அவரிடம் வந்தவர், கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதிக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யோகர். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து 1964இல் மறைந்த அவர் காவி உடுத்தவில்லை. வெள்ளை வேட்டியோடு கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்தார். 1935இல் அவர் தொடக்கிய இதழுக்குத் தன் பெயரை வைக்கவில்லை, 'சிவதொண்டன்' என்று வைத்தார். செய்ய வேண்டிய வேலையே அங்கே பெயராகிவிட்டது.

அதே யோகர் 1949இல் தன்னிடம் வந்த அமெரிக்க இளைஞர் ராபர்ட் ஹான்சனுக்கு 'சுப்பிரமுனிய' என்று பெயரிட்டார். ஒளியையும் மௌனத்தையும் சேர்த்துச் சொல்லும் அந்தப் பெயரோடு அவர் 1970இல் ஹவாயின் கவாய்த் தீவில் சைவ ஆதீனத்தை நிறுவினார். இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் ஒருவரும் யோகரின் சீடராகிச் சாந்தசுவாமியானார். இந்தப் பெயர்களின் பொருளை அகராதியில் பார்த்துவிடலாம். அவற்றின் எடை, பெயரைச் சுமந்தவர் செய்ததைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்த முறை வண்ணார்பண்ணைப் பக்கம் போனால் சிவதொண்டன் நிலையத்தில் சற்று நேரம் இருந்து வாருங்கள். உங்கள் ஊர்ச் சாமியின் பெயர் எப்படி வந்தது என்று வீட்டிலுள்ள அப்பு, ஆச்சியிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.