புவிப்படங்களும் மெய்ம்மைத் தேர்வும்

காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்த சைவசித்தாந்த நூலார், காட்சியை முதற்கண் வைத்தாரெனினும், கண்டதனைத்தையும் நம்புமாறு கூறினாரல்லர். குற்றியோ மகனோ என மயங்குவது ஐயக்காட்சி. கயிற்றைப் பாம்பெனத் துணிவது திரிபுக்காட்சி. இவ்விரு குற்றமும் நீங்கிய வழியே காட்சி அளவையாகும். விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்டனவாக நாள்தோறும் உலாவரும் புவிப்படங்களை நோக்குவார்க்கு இப்பாகுபாடு பெரிதும் பயன்படும். கண்ணைக் கவரும் ஒரு படத்தைக் கண்டவுடன் ஒருசாரார் வியந்து நம்புகின்றனர். மற்றொரு சாரார், இத்துணை அழகியது மெய்யாயிருத்தல் இயலாதெனத் தள்ளுகின்றனர். படத்தைத் தேர்ந்தார் இவ்விருவருள் எவருமிலர்.

பொய்ப்படங்களுட் பல எளிய கணக்கிற்கே நில்லாதன. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 8.8 கிலோமீற்றர், புவியின் ஆரையோ 6,371 கிலோமீற்றர். முழுப் புவியுந் தோன்றும் படமொன்றின் விளிம்பில் மலைமுடிகள் துருத்தி நிற்குமாயின், அது ஓவியன் கைத்திறனேயன்றிப் பிறிதன்று. ஞாயிற்றொளியில் விளங்கும் புவியின் பின்னே விண்மீன்கள் செறிந்து மின்னுவதும் அத்தகையதே. புவியின் பேரொளிக்கேற்பக் கமரா இமைப்பொழுதிலும் மிகக் குறுகிய நேரமே திறக்கப்படுதலின், மங்கலான விண்மீன்கள் அதிற் பதியா. விண்மீன் இல்லாமையையே குறையாகக் காட்டி மெய்ப்படங்களை மறுப்பார் உளர். அவர் கூற்று நேர் மறுதலையானது.

இனி, உலகம் நன்கறிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1972 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆந் திகதி அப்பலோ 17 விண்கலம் சந்திரனை நோக்கிச் செல்லும் வழியில், ஏறத்தாழ 29,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து எடுத்த அப்படத்திற்கு ‘நீலப் பளிங்குருண்டை’ எனப் பெயர் வழங்கலாயிற்று. சிறுவர் ஆடும் போளையே ஈண்டுக் கருதப்பட்டது. ஆபிரிக்காவும் அராபியக் குடாநாடும் மடகசுக்காரும் அந்தாட்டிக்காவின் வெண்பரப்பும் அதில் ஒருங்கே தோன்றுகின்றன. இது மெய்யென்பதற்குச் சான்று யாது? எடுத்தவர் சொல் உரையளவையாம். ஆயின் சேர்ணன், எவான்சு, சிமித்து ஆகிய மூவருள் எவர் எடுத்தார் என்பதே துணியப்படாமல், படம் மூவர்க்கும் பொதுவாக உரிமையாக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் இன்னாரெனத் துணியப்படாமையால் நூல் பொய்யாகாதவாறு போல, இதனாற் படத்திற்கு இழுக்கில்லை, அகச்சான்றே வலியுடையது.

விண்கலம் புளோரிடாவிலிருந்து புறப்பட்டு ஐந்து மணித்தியாலம் கழிந்த அவ்வேளையில், ஆபிரிக்காவின் தென்பகுதியில் ஏறத்தாழ நண்பகல். படத்தின் நடுவில் நிற்பதும் ஆபிரிக்காவே; வட்டமும் ஏறக்குறைய முழுதும் ஒளிபெற்றுள்ளது. டிசெம்பர் முதல் வாரத்தில் தெற்கே 68 பாகை அகலக்கோட்டிற்கு அப்பால் ஞாயிறு மறைவதில்லை. தென்முனைப் பனிநிலமும் அவ்வாறே பட்டப்பகலாய் விளங்குகின்றது. இவற்றினும் சிறந்த சான்று ஒன்றுண்டு. அதே மாதம் 5 ஆந் திகதி தமிழ்நாட்டைத் தாக்கிப் பெருவெள்ளம் விளைத்த புயலின் மேகச்சுழி, படத்தின் வலப்புற மேல் விளிம்பருகே காணப்படுகின்றது. நாள், நேரம், பருவம், காற்று ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்விணக்கம் கற்பனையால் எய்துதற்கரியது. மூலப்படத்தில் தெற்கு மேலாக இருந்ததனை, வடக்கு மேலாகத் திருப்பி வெளியிட்டனர் என்பது உண்மையே. மேலுங் கீழுமற்ற வெளியில் எடுத்ததனை வாசகர் வழக்கிற்கேற்பத் திருப்பியதைப் புரட்டென்பது மிகையாம்.

இதே பெயரோடு 2002 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா வெளியிட்ட படத்தின் தன்மை வேறு. அதற்கு மூலமான தெறா என்னும் செய்மதி 705 கிலோமீற்றர் உயரத்திலேயே புவியைச் சுற்றுவது. அவ்வுயரத்திலிருந்து புவியின் ஒரு முகம் முழுவதையும் எந்தக் கமராவும் காணவியலாது. தன் அடிக்கு இருபுறமும் 26 பாகைக்குட்பட்ட நிலமே புலப்படும். ஆகவே 2,330 கிலோமீற்றர் அகலமுள்ள பட்டைகளாகப் பல மாதங்கள் பதிந்தவற்றுள் முகிலற்ற பகுதிகளைத் தெரிந்து, இணைத்து, முகிற்படலத்தைப் பின்னர் மேலே போர்த்திக் கோளமாகச் சமைத்தனர். அவ்வாறு சமைத்ததனை நிறுவனம் மறைத்ததுமில்லை.

இது மெய்யா, பொய்யா? பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிச் சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றிய பதிப்பு, அச்சுவடிகளுள் எந்த ஒன்றின் படியுமன்று. அதுபற்றி அதனைப் பொய்ந்நூல் என்பார் எவருமிலர். பதிப்பாசிரியர் தாம் செய்தது இன்னதென உரைத்துவிடுகின்றார். 2002 ஆம் ஆண்டுப் படமும் அத்தகைய பதிப்பே. நிலமும் கடலும் முகிலும் மெய்ப்பதிவுகள். அவையனைத்தும் ஒருங்கிருந்த கணம் மட்டும் என்றுமே நிகழாதது. குறை கூறவேண்டுமாயின் பெயரிட்டவர்களையே கூறல் தகும். ஒரே கணத்தில் எடுத்த ஒளிப்படத்திற்குரிய பெயரை, மாதக்கணக்கிற் சமைத்த உருவத்திற்கும் இட்டமையால், பின்னது பொய்யென அறிந்தவர் முன்னதையும் ஐயுறலாயினர்.

இக்குழப்பம் 2012 இல் பின்னும் மிகுந்தது. சுவோமி என்.பி.பி. என்னும் செய்மதியின் பதிவுகளால் அவ்வாண்டு சமைத்த படத்தில் வட அமெரிக்கா வட்டத்தின் பெரும்பகுதியை அடைத்து நின்றது. பழைய படங்களோடு ஒப்பிட்டோர், கண்டம் வளருமோ எனக் கேட்டனர். கேள்வி நியாயமானது, விடை எளிது. பூசணிக்காய் ஒன்றை முகத்தருகே பிடிப்பவனுக்கு அதன் மேலுள்ள ஒரு மறுவே வட்டத்தை நிரப்பக் காணும். கூடத்தின் மறுகோடிக்குச் சென்றால் மறு சிறுத்து மறுபக்க வரிகளும் தலைகாட்டும். அப்படத்திற்கெனக் கணக்கிற் கொண்ட நோக்குநிலை புவிக்கு அண்மையது. அந்நோக்குநிலையைப் படத்தின் கீழ்க் குறித்திருப்பின் ஐயம் எழுந்திராது.

ஐயத்திற்கு மிகுதியும் இலக்கான படம், வியப்பாக, நேரே எடுக்கப்பட்டவற்றுள் ஒன்று. 2015 யூலை 16 ஆந் திகதி, புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் டிஸ்கவர் கலம், புவியின் முன்னே சந்திரன் கடந்து செல்வதைப் பதிந்தது. கரியதொரு தட்டைக் கத்தரித்து ஒட்டினாற்போல் அது தோன்றுவது உண்மை. ஆயினும் ஞாயிறு கமராவின் பின்னே இருத்தலின் சந்திரனில் நிழல் விழ இடமில்லை. புவியை நோக்க அதன் மண் ஒளியைக் குறைவாகவே மீட்பதாகலின் கருமையும் இயல்பே. அளவும் ஒக்கும்: சந்திரனின் விட்டம் புவியினதில் நாலிலொன்றைச் சிறிதே விஞ்சுவது, கலத்திற்கு அது அண்மையில் நிற்பதாற் படத்தில் மூன்றிலொன்றைச் சற்றே கடந்து தோன்றல் வேண்டும், தோன்றுகின்றது. நமக்கு என்றும் புறங்காட்டும் அதன் மறுபக்கமே அதிலுள்ளது.

அன்றியும் சந்திரனின் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடொன்று காணப்படும். அக்கமரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகளினூடாக, ஏறத்தாழ அரை நிமிட இடைவெளியில் தனித்தனியே பதிவன. பின்னரே அம்மூன்றும் ஒன்றாக்கப்படும். அவ்விடைவெளியிற் சந்திரன் சற்றே நகர்ந்துவிட்டமையால் நிறங்கள் முற்றப் பொருந்தவில்லை. பொய் புனைவோன் முதலில் துடைத்திருக்கக்கூடிய மாசு அது.