கால் சுற்று

கார்புரேட்டர் ட்யூனிங்கைப் பார்க்கலாம் என்று ஆம்பூரில் ஒரு மெக்கானிக் கடை முன் நின்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. குனிந்த முதுகு, ஒரு சின்ன மைனஸ் ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். அது காதால் அனுபவிக்க வேண்டிய வேலை.

ஸ்டாண்டில் நிற்பது ஆர்எக்ஸ் 100 என்று வைத்துக்கொள்வோம். 1985 முதல் 1996 வரைதான் யமஹா அதை இங்கே விற்றது. ஆனாலும் இந்தப் பக்கத்துக் கடைகளில் ஒன்றாவது நின்றுகொண்டிருக்கும். மெக்கானிக் பாய் ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிச் சட்டென்று விடுகிறார். எஞ்சின் எகிறும்போது அவர் காது கொடுப்பதில்லை. எகிறுவது எல்லோருக்கும் கேட்கும். அவர் கவனிப்பது இறங்கி வரும் சத்தத்தை. இறங்கிய வேகத்தில் ஐட்லிங்கையும் தாண்டிக் கீழே போய், அணையப் பார்த்து, பிறகு தட்டுத் தடுமாறி எழுந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. இறங்க மனமில்லாமல் மேலேயே தொங்கிக்கொண்டு தாமதமாக வந்தால் காற்று ஜாஸ்தி. ஏறிய சுறுசுறுப்போடு இறங்கி, கீழே வந்ததும் அலையாமல் நின்றால் சரி. மூன்றுக்கும் நடுவே ஒரு நொடிகூட வித்தியாசம் கிடையாது. தோலைத் தரம் பிரிக்கிறவர் கட்டைவிரலை ஓட்டியே ரகம் சொல்வதைப் போலத்தான் இதுவும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் இரண்டு பேருமே சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது மிகுனி வகைக் கார்புரேட்டர். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள் திறந்து வைப்பார்கள். வெளியே திறந்தால் காற்று கூடும், உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். அந்த ஒரு சுற்றின் இடைவெளிக்குள் கால் கால் சுற்றாகத் தேடுவதில்தான் கைப்பக்குவம் தெரியும். அரைச் சுற்றாகத் திருகுகிற ஆளிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கடைக்கு ஒரு வகைக் கூட்டம் வரும். "இன்னா பாய், ஏலகிரி ஏறவே மாட்டேங்குது, கொஞ்சம் ட்யூன் பண்ணிக் குடு." இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு அழகானது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியே மேலே வருகிறது. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. உறிஞ்சும் விசையும் குறைகிறது, ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அது காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. ஆம்பூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர், ஏலகிரி 1,100 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. பெட்ரோலோ 4 சதவீதம்தான் குறைகிறது. மீதி 4 சதவீதம் கலவையில் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது.

இந்த 4 சதவீதத்துக்காகத் திருகைத் தொட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் வேலூர் வெயில். டிசம்பர் விடியற்காலையில் 20 டிகிரி, மே மாத மதியத்தில் 42 டிகிரி. அந்தச் சூட்டில் காற்று 7 சதவீதம் மெலிந்துவிடுகிறது. அதாவது கத்திரி வெயிலில் வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஓடும் வண்டி, ஒரு மீட்டர்கூட ஏறாமல் கிட்டத்தட்ட ஏலகிரிக் காற்றைத்தான் குடிக்கிறது. அதற்காகக் கார்த்திகைக்கு ஒரு ட்யூனிங், சித்திரைக்கு ஒரு ட்யூனிங் என்று எவரும் போவதில்லை. மலை என்றால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறோம். மலையடிவாரத்துப் பொன்னேரி தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை என்றால் பாதிக் குற்றம் ஏற்றத்துடையது, மீதியில் பெரும்பங்கு காற்றுடையது. காற்று 8 சதவீதம் போனால் பலமும் அந்த அளவுக்குப் போகும். எந்தத் திருகும் அதைத் திருப்பித் தராது.

ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் கதை கொஞ்சம் வேறு. ஏலகிரிப் பாதையில் 14 வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிலேட்டரை மூடி, திரும்பி, மறுபடி திறக்க வேண்டும். முழுத் திறப்பை ஆளும் மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலையே வராது. கால் திறப்புக்குக் கீழேதான் வண்டி வாழ்கிறது, அது ஏர் ஸ்க்ரூவின் ராஜ்ஜியம். பெட்ரோல் கூடிப்போன டூ ஸ்ட்ரோக் வளைவை விட்டு வெளியே வரும்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் எரியும். 'பட்... பட்...' என்று திணறி, திடீரென்று தெளிந்து பாய்வது அதனால்தான். அந்தத் திணறல் இருந்தால் கால் சுற்று வெளியே திறக்கலாம். ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகிறவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. வானாய்வகம் இருக்கும் இடமே 725 மீட்டர்தான். (அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கும் காற்றுதான் தலைவலி என்பது வேறு விஷயம்.)

அடுத்த படி நீடில். அதன் தலைப்பக்கம் ஐந்து வெட்டுகள், நடு வெட்டில் ஒரு லாக். லாக்கை ஒரு வெட்டு மேலே மாட்டினால் நீடில் அந்த அளவுக்குக் கீழே இறங்கி, பெட்ரோல் வரும் இடுக்கைக் குறைக்கும். ஊட்டியின் 2,240 மீட்டரில் சில நாள் தங்கி ஓட்டுகிறவர் இதைச் செய்தால் அர்த்தமுண்டு. மெயின் ஜெட்டையே மாற்றுவதெல்லாம் லடாக் போகும் புல்லட்காரர்களுக்கு. கர்துங் லா 5,359 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும், கலவையில் பெட்ரோல் 30 சதவீதம் மிகையாகிவிடும். அமெரிக்க மலைகளில் நான்கு சக்கர ஏடிவி ஓட்டுகிறவர்களுக்கு உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்ப இன்ன ஜெட் என்று புத்தகத்திலேயே அட்டவணை போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஏலகிரிக்குப் போக ஜெட் மாற்றிக்கொண்டு வந்து பெருமை பேசுகிறவரை நான் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், நம்ப மாட்டேன்.

பாய் மலைக்காகத் திருகை லேசில் தொடாததற்கு இன்னொரு காரணம், போனவன் இறங்கியும் வர வேண்டும் என்பது. மேலே சரியாக இருந்த ட்யூனிங் கீழே கனத்த காற்றில் பெட்ரோல் பற்றாக்குறையாகிவிடும். அப்படியே பைபாஸில் விரட்டினால் எஞ்சின் கொதிக்கும். பழைய டிவிஎஸ் 50-இல் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும், அதனால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். தோல் மூட்டையைப் பின்னால் அடுக்கிக்கொண்டு இந்தத் தெருக்களில் ஓடும் வண்டிக்கு அது நேரே பிஸ்டன் ஜாம்தான். இறக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. ஆக்ஸிலேட்டரை மூடி கியரில் விட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ சொட்டுதான் வரும். விவரம் தெரிந்த ஆர்எக்ஸ்காரர் வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்து இறங்குவார். பின்னால் வரும் காரில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்று நினைப்பார்கள்.

இறங்கி வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல், வெளுத்திருந்தால் காற்று. இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. கடைசி ஐந்து நிமிடம் எப்படி ஓட்டினோம் என்பதும் அந்த நிறத்தில் கலந்திருக்கும். காது சொன்னதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததும் மொபெட் வரைக்கும் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஆகிவிட்டது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார் அளக்கிறது, பெட்ரோலைக் கணினி அளந்து விடுகிறது, 14 வளைவிலும் ஒரே சீர். குடும்பத்தோடு ஏலகிரி போக நானும் அதைத்தான் எடுப்பேன். பாய் கடைக்கு அந்த வண்டிகள் வந்தால் ஆயில் மாற்றி, செயின் இழுத்து அனுப்பிவிடுகிறார். கேட்க அதில் அவருக்கு ஒன்றும் இல்லை.