மணலியில் தொடங்கிய கலப்பு

ஜாஸ், ஜிப்சி ஸ்விங், அயர்லாந்து முதல் ஹங்கேரி வரையிலான நாட்டார் இசை இவற்றோடெல்லாம் வயலின் கொண்ட உறவைப் பற்றி மலருக்கு எழுதும்படி சபைப் பெரியவர்கள் பணித்தார்கள். வேறு ஊர்ச் சபையில் இப்படியொரு தலைப்பைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மணலியில் சுளிக்க நியாயமே இல்லை. தீட்சிதர் குடும்பம் திருவாரூரிலிருந்து இங்கே வந்து தங்கியதும், மணலி முத்துகிருஷ்ண முதலியாரும் அவர் மகன் சின்னைய முதலியாரும் அவர்களை ஆதரித்ததும் நம் உறுப்பினர்களுக்கு மனப்பாடம். அதை மறுபடி விரிக்கப் போவதில்லை. அந்த வரலாற்றிலிருந்து நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளாத ஒன்றை மட்டும் இங்கே வாதமாக வைக்கிறேன். வயலினில் கலப்பு என்றால் இன்னொரு மரபின் வில்லைப் படிப்பது. மெட்டை எடுத்துக்கொள்வது அதில் சிறு பகுதிதான். ஒருவர் அந்த வில்லைப் படித்தாரா இல்லையா என்பதை மின்சாரம் தொடாத வயலின்தான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லும்.

சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு பழக்கமுள்ள சின்னைய முதலியார் தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய் ஐரோப்பிய பாண்டு இசையைக் கேட்கச் செய்தார். அதன் விளைவு இரண்டு. மூத்தவர் முத்துஸ்வாமி தீட்சிதர் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தின் ராஜ கீத மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’, குழந்தைகள் பாடும் பழைய பிரெஞ்சு மெட்டில் ‘ச்யாமளே மீனாக்ஷி’, அயர்லாந்து நடன மெட்டான ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’வில் ‘வந்தே மீனாக்ஷி’ என்று சுமார் 40 நோட்டுஸ்வர சாஹித்தியங்கள் நமக்குக் கிடைத்தன. இளையவர் பாலுஸ்வாமி தீட்சிதர் வாத்தியத்தையே எடுத்துக்கொண்டார். முதலியார் ஏற்பாட்டில் ஐரோப்பியர் ஒருவரிடம் முறையாகப் பிடில் கற்றார். பிறகு எட்டயபுர சமஸ்தானம் வரை அதைக் கொண்டுசென்றார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்ப்ரதாய பிரதர்சினி’ இந்தக் குடும்ப வரலாற்றைப் பதிந்து வைத்திருக்கிறது. இரண்டு கலப்புகளும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் நடந்தவை. நோட்டுஸ்வரங்கள் இன்றும் பிள்ளைகள் வாயில் இனிக்கின்றன, ஆனால் கச்சேரி மேடையின் ஓரத்தில்தான் இருக்கின்றன. பாலுஸ்வாமி படித்த வில்லோ கர்நாடக சங்கீதம் முழுவதற்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. 1834இல் ஸ்வாதித் திருநாள் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்த காலத்துக்குள் அது அரசவை வாத்தியம். மெட்டைக் கலந்தது ஓர் அழகான தனி அறையாக நின்றது, வில்லைக் கலந்தது வீட்டையே மாற்றியது. என் வாதத்தின் அடித்தளம் இதுதான். தமையனாரின் மேதைமையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம்.

இதே கணக்கைக் கடல் தாண்டியும் பார்க்கலாம். 1934இல் பாரிசில் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் சேர்த்த ஐவர் குழுவில் ஒரு வயலின், மூன்று கிட்டார்கள், ஒரு பெரிய பாஸ் மட்டும். டிரம்ஸ் இல்லை. தாளத்தை இரண்டு கிட்டார்கள் அடித்துக் கொடுத்தன. அதனால்தான் வயலினின் மெல்லிய ஜாருவும் மேல்ஸ்தாயி ஊதல் ஒலியும் சபையோர் காதில் விழுந்தன. ஜாங்கோ மானூஷ் ஜிப்சி மரபினர். கிராப்பெல்லி அந்த இனத்தவர் அல்லர். ஆனாலும் அந்தக் கிட்டார்களின் மேல் வில்லை எங்கே அழுத்துவது, எங்கே தந்தியைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்பதை ஆண்டாண்டாகப் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுகொண்டார். அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர் எடி சவுத் இன்னும் நேரடியாகச் சென்றார். புடாபெஸ்டிலேயே தங்கி ஹங்கேரி ஜிப்சி வயலின்காரர்களின் முறையைப் படித்தார். 1937இல் அவரும் கிராப்பெல்லியும் பாரிசில் பாஃக்கின் இரட்டை வயலின் கான்செர்டோவை ஸ்விங் நடையில் ஒலிப்பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் எந்த வில் யாருடையது என்று பழகிய காது பிரித்துவிடும்.

ஸ்விங் என்பதை நம் உறுப்பினர்கள் நடை வழியாகவே புரிந்துகொள்ளலாம். ஓர் அடியை இரண்டு சம பாதியாக்காமல் முதல் ஸ்வரத்துக்குக் கூடுதலும் இரண்டாவதற்குக் குறைவுமாகக் கொடுப்பது அது. மத்திம காலத்தில் ஏறக்குறைய திச்ரத்தின் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு வரும். வேகம் ஏற ஏற அந்த ஏற்றத்தாழ்வு குறைந்து சமத்தை நெருங்கும். நம் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். திச்ரம் கைவசம் இருப்பதால் ஸ்விங் வந்துவிட்டதாக நினைத்துக் கச்சிதமாகக் கணக்குப் போட்டு வாசிக்கிறார்கள். கணக்கு சரியாக இருக்கும், ஸ்விங் இருக்காது. அது வில் திருப்பும் இடத்தில் இருக்கிறது. அடி விழுவதற்கு முன்பே ஸ்வரத்தைப் பிடித்து, அடியின் மேல் வில்லை மாற்றாமல் இழுத்துப்போய், எதிர்பாராத பாதியில் அழுத்தம் கொடுப்பதில் இருக்கிறது. இதை எழுதிக் காட்ட முடியாது.

ஸ்வர வரிசையிலும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. ஹங்கேரி ஜிப்சி ஸ்கேல் எனப்படுவதும் நம் சிம்மேந்திர மத்யமமும் ஒரே ஸ்வரங்கள். அரேபிய, பைசாந்திய இசையில் வரும் இன்னொரு வரிசை நம் மாயாமாளவகௌளை. ரோமா மக்களின் மொழி வடஇந்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டு, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே, தனியாக என்ன படிப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மொழிச் சான்று மொழிக்குச் சான்று. ஸ்வர வரிசை ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது என்பதை நன்றாக அறிந்தவர்கள் நாம். காந்தாரத்தை எப்படி அசைக்கிறோம் என்பதில் உயிரை வைத்திருக்கும் நாமே, ஹங்கேரிக்காரர் தம் ஸ்வரத்தை எப்படி அசைக்கிறார் என்று கேளாமல் சிம்மேந்திர மத்யமத்தை வாசித்து ஜிப்சி என்று பெயரிடுவது நமக்கு அழகல்ல.

நம் நாட்டில் இந்தக் கலப்பில் ஆழ இறங்கிய குடும்பம் வி. லக்ஷ்மிநாராயணா அவர்களுடையது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. பக்கவாத்தியமாக ஒதுங்கி இருந்த வயலினைத் தனிக்கச்சேரிக்குத் தகுதியாக்குவதே அவர் வாழ்க்கை லட்சியம். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள். சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய சுப்பிரமணியம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா கலைக் கல்லூரியில் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். பிற்பாடுதான் கிராப்பெல்லியோடு ‘கான்வர்சேஷன்ஸ்’ என்ற இசைத்தட்டு வந்தது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சங்கர் ஜான் மெக்லாஃப்லினோடு சேர்ந்தார். மெக்லாஃப்லினும் அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். இருபக்கமும் படித்தவர்கள் சந்தித்ததால்தான் 1970களில் ‘சக்தி’ இசைக்குழு பிறந்தது. மின் கிட்டாரால் உலகை உலுக்கிய மெக்லாஃப்லின் அதைக் கீழே வைத்துவிட்டு மரக் கிட்டாரோடு சப்பணமிட்டு உட்கார்ந்தார். விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஒலிக்க, சங்கரின் வயலின் தன் சொந்தக் குரலில் பேசியது. ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, கணேஷ் ராஜகோபாலன் வயலினோடு வந்த ‘சக்தி’யின் இசைத்தட்டு ‘திஸ் மொமென்ட்’ 2024இல் கிராமி பெற்றபோது பலரும் புதுமை என்றார்கள். நம் போன்றோருக்கு அது பழைய கடனைக் கேட்டு வாங்கியது போன்ற நிறைவு.

இந்த இடத்தில் எங்கள் பரூர் பாணியைப் பற்றிச் சொல்லாமல் நகர என் மனம் இடம் தரவில்லை. ஜாஸ் மேடையில் பரூர்க்காரர்கள் அதிகம் தென்படாததால் எங்களுக்கு இந்தத் தலைப்பில் இடமில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியான பார்வை அன்று. பரூர் சுந்தரம் அய்யர் கர்நாடக சங்கீதத்தோடு ஹிந்துஸ்தானியையும் வயலினில் ஆண்டவர். அவர் பிள்ளைகள் எம். எஸ். அனந்தராமனும் எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் இரண்டு மரபையும் தனித்தனியே பழுதில்லாமல் வாசித்தார்கள். எம்.எஸ்.ஜி. ஹிந்துஸ்தானிப் பாடகர் ஓம்காரநாத் தாகூருக்கும் வாசித்தார், நம் பெரிய பாடகர்களுக்கும் வாசித்தார். ஒரே தந்தியில், ஒரே விரலால் ஒரு ஸ்தாயி முழுவதையும் ஓடிக் கடக்கும் சாதகம் இந்தப் பாணியின் முத்திரை. வில்லை அடி முதல் நுனி வரை ஒரே கனத்தில் இழுப்பது, பாதியில் கனத்தைக் குறைப்பது, நுனியில் மட்டும் அகாரம் பேச வைப்பது ஆகியவற்றைத் தனித்தனியே மாதக்கணக்கில் பழக்கிய பின்புதான் எங்கள் ஆசான்கள் கீர்த்தனைக்கே போக விடுவார்கள். அந்த ஒழுங்கு உள்ளவருக்கு ஹங்கேரி வில்லும் பாரிஸ் வில்லும் அந்நியமாக இரா. லால்குடி பாணியின் குழைவையும் நான் வணங்குகிறேன். 1965இல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனைக் கேட்டு யெஹுதி மெனுஹின் தம் இத்தாலிய வயலினைக் கொடுத்தது வெறும் உபசாரத்துக்கு அன்று. ஆனாலும் வில்லைத் தனிப் பாடமாக வைத்த வகையில் எங்கள் பாணிக்கு ஒரு முதலிடம் உண்டென்றே கருதுகிறேன்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. நல்ல உழைப்பாளிகள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் இதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பொதுவாகக் கலப்பிசை மேடைகளில் கேட்பது என்ன? குதிரையில் ஒட்டிய பிக்கப், காலடியில் எதிரொலிப் பெட்டி, முன்பே பதிந்து வைத்த தாளம். வில் தந்தியில் பட்டாலே போதும், மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. கனம் மாறுவதில்லை, நுனிக்கும் அடிக்கும் வித்தியாசமில்லை, ஸ்வரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் எதிரொலி வந்து நிரப்பிவிடுகிறது. நான்கு ஆவர்த்தனம் ஹம்ஸத்வனி, நான்கு ஆவர்த்தனம் கிட்டார், கடைசியில் எல்லோருமாக ஒரு கோர்வை. இதற்கு உலக இசை என்று பெயர். கைதட்டல் வருகிறது, அடுத்த அழைப்பு வருகிறது, அதைப் பார்த்து வர்ணம் முடிக்காத பிள்ளை பிக்கப் வாங்கித் தரச் சொல்கிறது, பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். குங்கிலியம் எவ்வளவு தடவ வேண்டும் என்று தெரியாதவர் கையில் வில் இருக்கிறது. பக்கவாத்தியத்துக்கு வருகிறவரிடமும் இந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. பாடகரின் கமகத்தை நிழல்போலத் தொடர வேண்டிய வயலின், ஒலிபெருக்கியில் பாடகருக்கு முன்னால் நிற்கிறது. மத்தளமும் வீணையும் இதே பாதையில் போனால், இன்னும் ஒரு தலைமுறையில் மரத்தின் ஒலி என்றால் என்னவென்று அறிந்த காதே இந்த நகரில் மிஞ்சாது. பாலுஸ்வாமி தீட்சிதர் தொடங்கிய ஒரு மரபு, சுமார் 200 ஆண்டு வாழ்ந்துவிட்டு, ஒரு பெட்டியின் பொத்தானில் முடிந்துபோகும். இது மிகை என்று சில நண்பர்கள் சொல்வார்கள். குறைத்துச் சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

மறுப்புகளுக்கு வருவோம். ஜாஸிலேயே மின்சாரம் உண்டே என்பார்கள். உண்டு. ஸ்டஃப் ஸ்மித் 1930களிலேயே வயலினின் ஒலியை மின்சாரத்தால் பெருக்கினார். ஜான் லுக் பான்டி முழு மின் வயலினுக்குப் போனார். நம் சங்கரே பிற்காலத்தில் பத்துத் தந்தி கொண்ட இரட்டை மின் வயலினை எடுத்தார். இம்மூவரும் வில் வசமான பிறகு மின்சாரத்துக்குப் போனவர்கள் என்பதே என் பதில். ஸ்மித்தின் வில் தட்டலை எந்த ஒலிபெருக்கியும் உண்டாக்கவில்லை. பெரிய மண்டபத்தில் பின்வரிசைக்குக் கேட்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மைசூர் சௌடய்யாவுக்கும் இதே தொல்லை இருந்தது. அவர் தந்திகள் சிலவற்றை இரட்டித்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். வாத்தியத்தின் உள்ளேயே விடை தேடினார். பாரிஸ் ஐவர் டிரம்ஸைத் தவிர்த்து விடை தேடினார்கள். மண்டபம் பெரியதென்றால் எதிரே ஒரு மைக் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. மைக் உள்ளதைத் தூரம் கொண்டுபோகும், இல்லாததைச் சேர்க்காது. பிக்கப்பும் பெட்டியும் சேர்க்கின்றன. கிராப்பெல்லி பெரும்பாலும் தானே கற்றவர்தானே, குரு எதற்கு என்ற கேள்வியும் வரும். பேசாப் படக் கொட்டகையில் மணிக்கணக்காகத் திரையைப் பார்த்து வாசித்த பிள்ளை அவர். அந்த உழைப்பு இல்லாமல் அவரை முன்னுதாரணமாக்குவது அவருக்கே செய்யும் அநீதி.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மாலையை ஒலிபெருக்கியே இல்லாமல் சிறிய கூடத்தில் நடத்த வேண்டும். ஒரு வயலின், ஒரு மரக் கிட்டார், ஒரு கடம் போதும். முதலில் பாலுஸ்வாமி காலத்து நோட்டுஸ்வரம் ஒன்றை அயர்லாந்து நடன வில்லிலேயே வாசிக்கட்டும், பின்னர் நம் முறையில் அதே மெட்டு, அதன்பின் ஸ்விங்கில். வாசிக்க வருபவருக்கு ஆறு மாதம் முன்பே சொல்லி, சாதகத்துக்குரிய சன்மானத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நன்கொடைக்கு மணலி, திருவொற்றியூர் அன்பர்களை அணுகும் பொறுப்பில் எனக்கும் ஒரு பங்கு தரலாம்.