காமன்கூத்தும் தப்பின் குரலும்

மாசி மாதத்து வளர்பிறையிற் கம்பம் நாட்டித் தொடங்கும் காமன்கூத்து, ராகலை, அட்டன் முதலாய மலையகப் பகுதிகளின் தோட்ட மக்கள் தமிழகத்திலிருந்து தம்முடன் கொணர்ந்த ஆட்டமரபாகும். சிவனது தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிந்து சாம்பலாதலும், ரதியின் புலம்பலுக்கிரங்கி அவன் மீள உயிர்பெறுதலும் இதன் கதை. கதை பழையது, பலரும் அறிந்தது. ஆகவே கதையைக் கொண்டு மட்டும் இக்கூத்தை மதிப்பிடுதல் பொருந்தாது. அது யாரால், யாருக்காக, எவ்வாறு நிகழ்த்தப்படுகின்றது என்பதே திறனாய்வாளன் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இக்கூத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆயினும் இதனை இலவசம் என்பது முழு உண்மையன்று. லயந்தோறும் திரட்டும் பணமும், பகல் முழுதும் உழைத்த உடல்கள் இரவில் ஈயும் உழைப்புமே இதன் முதல். காண்போரே அதன் உரிமையாளர். நேற்றுக் கொழுந்துக் கூடை சுமந்தவளின் மகன் இன்று ரதியாக வேடம் புனைகின்றான்; அவனை அறியாதார் அவையில் இலர். ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே திரையில்லாமையே இக்கூத்தின் அழகியல் எனலாம்.

அவ்வழகியலைத் தாங்கி நிற்பது தப்பு. தோட்ட வரலாற்றில் இக்கருவிக்கு இரு குரல்கள் இருந்தன. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் தப்பே. இரவிற் காமன் பொட்டலுக்கு அழைத்ததும் தப்பே. முன்னையது துரையின் கட்டளை. பின்னையது மக்களின் விருப்பம். கட்டளைக் கருவியையே களிப்பின் கருவியாக மாற்றிக்கொண்ட இச்செயலில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் தன்மானம் ஒலிக்கின்றது.

இந்நிலை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் பேணிய முழவு மரபுகள், 1886இல் அங்கு அடிமைமுறை ஒழிந்த பின்னும் வாழ்ந்தன. 1940களில் அவை நியூயோர்க் நகரின் ஜாஸ் இசையுடன் கலந்து இலத்தீன் ஜாஸாக மலர்ந்தன. 1947இல் சானோ போசோ என்னும் கியூபக் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் குழுவோடு கார்னெகி மண்டபத்திற் கொங்கா முழவை வாசித்தார். ஆட்டக்களத்து முழவு அமர்ந்து கேட்கும் அரங்கினுட் புகுந்தபோது, அதனை வாசித்தவனும் கலைஞனாக மேடையேறினான் என்பது இங்குக் கருதத்தக்கது.

நம்மவர் நிலை யாது? 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துக்களைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். அம்முயற்சி கூத்துக்குக் கற்றோரிடையே மதிப்பைத் தேடித் தந்தது. அவ்வழியைப் பின்பற்றிக் காமன்கூத்தையும் ஒருமணி நேர நிகழ்ச்சியாக்குவோர், வேடத்தையும் பாட்டையும் எளிதிற் கொணர்ந்துவிடலாம். ஆனால் பொட்டலை மண்டபத்தினுட் கொணர்தல் இயலாது. மேலும், தப்படிப்பவரை மேடையோரத்தில் நிறுத்திவிட்டு ஆடுவோரை மட்டும் போற்றுவதாயின், எஞ்சுவது கூத்தின் தோலேயாகும்.

எனினும் பொட்டலையும் குறையற்றதெனக் கொள்ளலாகாது. ஊர் கூடும் களத்திலும் சாதி கூடவே வந்து நிற்கின்றது. தப்படித்தல் ஒரு சாதிக்குரிய கடமையெனக் கருதப்பட்டது. அதனை அடித்தோர் இழிவாக நோக்கப்பட்டனர். அவரது தாளமின்றி ஓரடியும் எடுத்துவைக்க இயலாத கூட்டம், அவரைத் தனக்குச் சமமாக ஏற்கத் தயங்கியது. இம்முரண்பாட்டை மறைத்துக் காமன்கூத்தைச் சமத்துவக் கலையெனப் புகழ்வது ஆய்வாகாது, வெறும் பாராட்டேயாகும்.

ஆகவே, மலையகக் கூத்தைப் பேண விழைவோர் வேடங்களையும் பாடல்களையும் தொகுப்பதோடு அமைதல் கூடாது. தப்பு விரும்பியோர் யாவரும் பயிலும் கலையாக வேண்டும். அதனை வழிவழியாகக் காத்தோர் ஆசிரியராக மதிக்கப்பெறல் வேண்டும். அவர்தம் உழைப்புக்கு ஊதியமும் உரியது. எல்லோரும் வரலாம் என்பதால் மட்டும் ஒரு களம் பொதுக்களமாகிவிடாது. அங்குத் தாளமிடுபவன் எங்கே நிற்கின்றான் என்பதே அதன் உரைகல்.