ஓடிப்போன அடையும் ஊரின் கதையும்

ஓர் ஓடைக் கரையில் வாழ்ந்த கிழவனையும் கிழவியையும் பற்றிச் சொல்லத் தொடங்கும் ஸ்காட்லாந்துப் பாட்டி, அவர்களுக்கு இரண்டு பசுக்கள், ஐந்து கோழிகள், ஒரு சேவல், ஒரு பூனை, இரண்டு பூனைக்குட்டிகள் இருந்தன என்று அந்தக் குடும்பத்தின் ஆஸ்தி முழுவதையும் முதலிலேயே கணக்குக் காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போகிறாள். கிழவி ஓட்ஸ் மாவில் இரண்டு அடை தட்டிக் கணப்பருகே வாட்டி வைக்கிறாள். வெளியிலிருந்து வந்த கிழவன் ஒன்றை எடுத்து நடுவில் விண்டு தின்னத் தொடங்க, பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அடை, தன் கதியும் அதுவே என்று உணர்ந்து, சக்கரம்போல் உருண்டு வாசலைத் தாண்டி ஓடிப்போகிறது. ஒரு கையில் கதிரும் மறு கையில் நார் சுற்றிய கோலுமாகக் கிழவி துரத்துகிறாள், பிடிக்க முடியவில்லை.

உருண்டோடும் தின்பண்டத்தின் கதை ஐரோப்பாவில் பல தேசங்களில் உண்டு. ருஷ்யாவின் உருண்டை ரொட்டி முயலையும் ஓநாயையும் கரடியையும் சந்திக்கிறது. நார்வேயின் தோசை கோழியையும் வாத்தையும் பன்றியையும் சந்திக்கிறது. ஸ்காட்லாந்தின் குட்டி அடையோ நேரே மனிதர்கள் வேலை செய்யும் இடங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியேறுகிறது. முதலில் ஒரு கூரை வீடு: அங்கே மூன்று தையற்காரர்கள் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள், அடை உள்ளே வருவதைக் கண்டதும் மூவரும் அஞ்சித் துள்ளியெழுந்து, அடுப்பருகே நார் சீவிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். அடுத்தது நெசவாளியின் வீடு. அவன் தறியில் இருக்கிறான், மனைவி நூற்கண்டு சுற்றுகிறாள். பிறகு வெண்ணெய் கடையும் ஒருத்தி, மாவு சலிக்கும் ஆலைக்காரன், லாடத்துக்கு ஆணி அடிக்கும் கொல்லன், ஆளிச்செடியின் நாரைப் பிரித்தெடுக்கும் ஒரு குடியானவனும் அவன் மனைவியும். அடையைத் தின்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உபபதார்த்தம் வேண்டியிருக்கிறது: கடைகிறவளுக்குப் பாலேடு, ஆலைக்காரனுக்குப் பாலாடைக்கட்டி, கொல்லனுக்கு நல்ல பீர். முடிவில், இருட்டிய பிறகு புகலிடம் தேடி அடை நுழைவது ஒரு நரியின் வளை; இரண்டு நாள் பட்டினி கிடந்த நரி அதை நடுவில் கவ்வி இரண்டாக்குகிறது.

எவ்வளவு சிறிய கதை! ஆனால் ஒரு கிராமத்தின் தொழில்கள் அனைத்தையும் அந்தந்தக் கருவிகளோடும் அந்தந்த வீட்டின் மணத்தோடும் இதைவிடச் சுருக்கமாகவும் முழுமையாகவும் வர்ணித்த வேறு கிரந்தத்தை நான் கண்டதில்லை. ஸர் ஜான் ஸின்க்ளேர் என்ற பெரியார், ஸ்காட்லாந்திலுள்ள பாதிரிமார் அனைவருக்கும் ஒரு நீண்ட வினாப் பட்டியலை அனுப்பி, ஒவ்வொரு திருச்சபை வட்டத்தின் மண், பயிர், மீன்பிடி, கூலி, ஜனத்தொகை எல்லாவற்றையும் எழுதி வாங்கி, 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்டார். அந்தத் தொகுதிகளின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எனினும், பாதிரியார் எண்ணிக்கை கொடுத்த அதே நெசவாளி எப்படி உட்கார்ந்திருந்தான், எதைக் கண்டு பயந்தான், எதற்கு நாக்கில் நீர் ஊற நின்றான் என்பதை அறிய வேண்டுமானால், ஓடுகிற அடையின் பின்னாலேதான் நாமும் ஓட வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையை அச்சில் காத்துக் கொடுத்தவர் ராபர்ட் சேம்பர்ஸ். ட்வீட் நதிக்கரையிலுள்ள பீபிள்ஸ் என்ற சிற்றூரில் 1802-இல் பிறந்தவர். பிறவியிலேயே கைகளிலும் கால்களிலும் ஆறாறு விரல்கள். கால்விரல்களை நீக்கச் செய்த சிகிச்சை சரியாக அமையாமல் நடை பாதிக்கப்படவே, ஓடியாடி விளையாட இயலாத பையன் புத்தகங்களோடு தங்கிவிட்டான். அவருடைய தமையனார் வில்லியம் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்த ஊரைப் பற்றி ஒரு சித்திரம் வருகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் மலர்கிறது. டாம் ஃப்ளெக் என்ற ஒருவன், யூத சரித்திரக்காரர் ஜோஸிபஸின் நூலை இரவுதோறும் வீடு வீடாக எடுத்துச் சென்று, அன்றைய சமாசாரம் போலவே வாசிப்பானாம். ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஜெருசலேம் முற்றுகை எந்த மட்டில் இருக்கிறது என்று ஊர் ஜனங்கள் கவலையோடு கேட்டுக்கொண்டிருப்பார்களாம். தூரத்து விஷயத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து உட்கார்த்தும் வித்தையை சேம்பர்ஸ் பழகிய பள்ளி இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

குடும்பம் நொடித்து எடின்பரோவுக்கு வந்த பிறகு, பதினாறாம் வயதில், தம் பள்ளிப் புத்தகங்களையே முதலாக வைத்து, லீத் வாக் என்னும் சாலையில் அவர் ஒரு பழைய புத்தகக் கடை போட்டார். பணக்காரர்கள் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட, பழைய நகரத்தின் உயர்ந்த மாடிக் கட்டடங்களும் குறுகிய சந்துகளும் ஏழைகளுக்கு விடப்பட்டிருந்த காலம் அது. அந்தச் சந்துகளில் முன்பு யார் யார் வாழ்ந்தார்கள், என்ன உண்டார்கள், எப்படி விருந்தாடினார்கள் என்பதையெல்லாம் நினைவுள்ள முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு, 'எடின்பரோவின் மரபுகள்' என்ற நூலை 1824 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிடத் தொடங்கினார். அதே வருஷம் நவம்பரில் பழைய நகரத்தில் பெருந்தீ மூண்டு, எழுதப்பட்டுக்கொண்டிருந்த வீதியின் ஒரு பகுதியே சாம்பலாயிற்று. எழுத்துக்கும் அழிவுக்கும் நடந்த அந்தப் பந்தயத்தில் எழுத்து சிறிதளவே முந்தியது. வால்டர் ஸ்காட்டே இந்த இளைஞரின் சேகரத்தைக் கண்டு வியந்து தம் குறிப்புகளையும் கொடுத்து உதவினார்.

'ஸ்காட்லாந்தின் ஜனரஞ்சகப் பாட்டுகள்' என்ற அவருடைய மற்றொரு நூல் 1826-இல் வந்தது. மழை, நத்தை, ஊர்ப்பெயர், விளையாட்டு ஆகியவற்றைப் பற்றிய சிறு பாடல்களின் தொகுப்பாகத் தொடங்கி, பின்வந்த பதிப்புகளில் கணப்படியில் சொல்லப்பட்ட குழந்தைக் கதைகளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. குட்டி அடையும் அங்கேதான் இருக்கிறது. நான் அதற்கு நிகராக மதிக்கும் 'வப்பிட்டி ஸ்டூரி'யும் அங்கேதான் இருக்கிறது. பின்னதைக் கொடுத்தவர் சார்ல்ஸ் கர்க்பாட்ரிக் ஷார்ப் என்ற டம்ஃப்ரீஸ் சீமைப் பிரபு. ஒரு தாதியின் வாய்மொழியாக அமைந்தது. புருஷன் எங்கோ காணாமற்போக, கைக்குழந்தையும் சினைப் பன்றியுமாகத் தனித்து நிற்கும் கிட்டில்ரம்பிட் ஊர்க்காரி ஒருத்தியின் கதை அது. பன்றி சாகக் கிடக்கிறது. பச்சை உடுத்த ஒரு தேவதை வந்து எண்ணெய் தடவிப் பிழைப்பித்துவிட்டு, கூலியாகக் குழந்தையைக் கேட்கிறாள். மூன்றாம் நாளுக்குள் அவளுடைய பெயரைக் கண்டு சொன்னால் மட்டும் குழந்தை தப்பும்.

பெயரைக் கண்டுபிடிக்கும் கதை ஜெர்மானியரிடமும் இருக்கிறது. ஆனால் அங்கே வைக்கோலைத் தங்கமாக நூற்கிறார்கள், ராணியின் குழந்தை பணயமாகிறது. இங்கே பணயத்துக்கு மூலகாரணம் ஒரு பன்றி! ஓர் ஏழைக் குடித்தனத்தில் பன்றி ஈனுவது என்ன பெரிய சம்பவம் என்பதை அறிந்தவளே இப்படிக் கதை கட்டியிருக்க முடியும். பழைய கற்குழியொன்றின் பக்கமாகப் போன தாய், உள்ளே ராட்டை சுற்றிக்கொண்டு தன் பெயரைத் தானே பாடும் தேவதையைக் கேட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் ரஸத்தின் உச்சம். வீடு திரும்பியவள் உடனே பெயரைச் சொல்லிவிடவில்லை. அழுவதுபோல் பாசாங்கு செய்து, குழந்தைக்குப் பதில் பன்றியைக் கொண்டுபோ, இல்லாவிட்டால் என்னையே கொண்டுபோ என்று கெஞ்சி, தன் ரூபத்தைப் பழிக்கும் தேவதையின் கர்வத்தை நுனிவரை ஏறவிட்டு, கடைசியில் நிலம்தோயத் தாழ்ந்து வணங்கி, வப்பிட்டி ஸ்டூரி சீமாட்டியின் பாதரட்சைக் கயிற்றை முடியவும் தான் தகுதியற்றவள் என்கிறாள். ஸ்டூர் என்றால் அந்நாட்டு மொழியில் புழுதி. பெயரைக் கேட்ட தேவதை எகிறிக் குதித்துச் சரிவில் அலறி ஓடுகிறாள்.

கிட்டில்ரம்பிட் எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே வழக்கிலிருந்த எல்லைப் பூமியில் எங்கோ இருந்தது என்று கதை சொல்பவளே ஒப்புக்கொள்கிறாள். அப்படியும் அந்த ஊரின் சகதியும் பன்றிக் கொட்டிலும் நம் காலடியில் படுகின்றன. ஸ்காட்ஸ் மொழியின் கரடுமுரடான, வாய்நிறைந்த சொற்களை மழுக்காமல் ஷார்ப்பும் சேம்பர்ஸும் அப்படியே விட்டுவைத்ததே இதற்குக் காரணம்.

மேற்கு மலைநாட்டில் இதே பணியைச் செய்தவர் ஐலே தீவின் ஜான் ஃபிரான்ஸிஸ் காம்ப்பெல். 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக அவர் வெளியிட்ட கேலிக் கதைகளில், சொன்னவர் கண்ணிழந்த பிடில்காரரா, மீனவரா, எந்த ஊர் என்பதெல்லாம் பதிவாகியிருக்கின்றன. கேலிக் வாசகமும் பக்கத்திலேயே நிற்கிறது. இவர் மரக்கிண்ணத்தில் நீர் நிரம்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்து, சூரியனே தன் வெயிலின் நேரத்தை மரத்தில் சுட்டு எழுதும்படி 1853-இல் ஒரு கருவி செய்தவர். கதைகளையும் அதே முறையில்தான் சேகரித்தார்: சொல்பவரே எழுதட்டும், நாம் கிண்ணமாக இருந்தால் போதும் என்று.

ஆண்ட்ரூ லாங் 1889-இல் வெளியிட்ட 'நீலத் தேவதைப் புத்தகம்' சேம்பர்ஸின் வேறு இரண்டு கதைகளை உலகக் குழந்தைகள் அனைவருக்கும் கொண்டு சேர்த்தது. அது பெரிய உபகாரம். ஆயினும் பிரெஞ்சு அரசகுமாரிகளின் நடுவே அந்தக் கதைகள் சற்றுக் கூசி நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

தொழில் செய்யும் ஊரின் கதை, தேவதைக் கதை என்ற இரண்டு மரபுகளையும் ஒரே உள்ளத்தில் கொண்டிருந்தவர் ஜே. எம். பாரி. கிர்ரிமியூர் என்ற நெசவூரில் 1860-இல் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்த அவர், தம் ஊருக்குக் கதைகளில் 'த்ரம்ஸ்' என்று பெயரிட்டார். நெய்த துணியை அறுத்தெடுத்த பிறகு தறியில் எஞ்சி நிற்கும் பாவுநூல் நுனிகளுக்கு அது பெயர். 1889-இல் 'த்ரம்ஸின் ஜன்னல்' எழுதிய அதே கைதான் 1904-இல் 'பீட்டர் பான்' நாடகத்தை மேடையேற்றியது. பறக்கும் சிறுவனின் நிழல் கழன்றுபோனதும் மந்திரத்தால் ஒட்டவில்லை. ஒரு சிறுமி ஊசியும் நூலும் எடுத்து அதைத் தைத்துக் கொடுக்கிறாள். நெசவாளி வீட்டுப் பிள்ளையன்றி வேறு யாருக்கு இது தோன்றியிருக்கும்?

இந்தக் கதைகளைத் தமிழில் தர முன்வரும் அன்பர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. கிட்டில்ரம்பிட் என்ற பெயரை மாற்ற வேண்டாம். பன்றியைப் பசுவாக்க வேண்டாம். குட்டி அடை நுழையும் வீடுகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று எண்ணிச் சுருக்க முற்படும் கை முதலில் அவற்றைத்தான் வெட்டும், ஆகையால் தையற்காரர் முதல் ஆளி சீவுகிறவர் வரை ஒரு வீட்டைக்கூட விட்டுவிட வேண்டாம்.