ஓய்வூதியம் இல்லாத ஓய்வூதியத் திட்டம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வாத்தியார்கள் 'சி.பி.எஸ். ஒழிக' என்று கோஷம் போட்டால், 'இவ்ளோ சம்பளம் வாங்கியும் பத்தலையா?' என்கிறார்கள். கேட்பவர்கள் திட்டத்தை ஒருதரம் படிக்கணும்.

1.4.2003 முதல் சேர்ந்த தமிழக அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு போடும். மத்திய அரசின் என்.பி.எஸ். 1.1.2004-ல் வந்தது. அங்கே ஒரு பகுதிக்கு ஆன்யுட்டி வாங்குவதால் மாதாமாதம் ஏதோ வரும். தமிழ்நாடு அதில் சேரவில்லை. ஓய்வு பெற்றவருக்கு வட்டியோடு மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மாதப் பென்ஷன் கிடையாது. ஃபங்ஷனுக்குப் பேர் இருக்கு, உள்ளே கோடு இல்லை!

2016-ல் சாந்தா ஷீலா நாயர் குழு, பிறகு ஸ்ரீதர் குழு, 2021-ல் பழைய பென்ஷன் தருவதாகத் தேர்தல் வாக்குறுதி, 2025-ல் ககன்தீப் சிங் பேடி குழு. 2026 ஜனவரியில்தான் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற அறிவிப்பு. அதற்கும் ஊழியரின் 10 சதவீதம் தொடரும்.

அறிவிப்பை ஏன் நம்பமாட்டேங்கிறாங்கன்னு கேட்கிறார்கள். என்.பி.எஸ்.காரர் தன் யூனிட் மதிப்பைத் தினமும் பார்க்கலாம், ஏறினாலும் இறங்கினாலும். இங்கே இருபது வருஷத்துக்கு மேல் பணம் கட்டியவர் கையில் இருப்பது வருஷத்துக்கு ஒரு கணக்குச் சீட்டு.